வான்கடேல மேக்ஸ்வெல்லுக்கு நடந்தது: ஒரு கொறக்களியோட முழு கேஸ்

2023 நவம்பர் 7, மும்பை வான்கடே, உலகக் கோப்பை லீக் மேட்ச். ஆப்கானிஸ்தான் 291 அடிச்சிருக்கு, சேஸ் பண்ற ஆஸ்திரேலியா 91க்கு 7. அங்கேர்ந்து கிளென் மேக்ஸ்வெல் 128 பந்துல 201 நாட் அவுட். இந்தக் கதை எல்லாருக்கும் மனப்பாடம், அதை மறுபடி சொல்லப் போறதில்ல. நான் பிசியோ, லீக் கிரிக்கெட் ஆடுற பசங்களோடதான் பெரும்பாலும் வேலை. அதனால அந்த இன்னிங்ஸ்ல நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பாக்குறது சிக்ஸர் இல்ல, நாப்பது ஓவரைத் தாண்டின நேரத்துல அவர் ஒரு சிங்கிள் ஓடி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் தொபுக்கடீர்னு கீழ விழுந்து கிடந்தாரே, அந்த இடம்தான். அடுத்து ஆட வேண்டிய ஆடம் ஜாம்பா பேடு கட்டி ஹெல்மெட்டோட பவுண்டரி கோட்டுக்கிட்ட வந்து நிக்கிறார், கமென்டரில ரிடயர்டு ஹர்ட்தான், காயத்தோட வெளிய போயிடுவார்னு கிட்டத்தட்ட முடிவே பண்ணிட்டாங்க, ஆஸ்திரேலியா டீம் பிசியோ நிக் ஜோன்ஸ் பையைத் தூக்கிட்டு உள்ள ஓடி வர்றார். அடுத்த சில நிமிஷத்துல அங்க எடுத்த முடிவு என்னைப் பொறுத்தவரைக்கும் அந்த மேட்ச்சோட பெரிய ஷாட்.

ஏன் இந்த கேஸை எடுத்தேன்னா, நம்ம ஊர்ல யாருக்குக் கொறக்களி, அதாவது கிராம்ப், பிடிச்சாலும் ரெடிமேடா ஒரு பதில் இருக்கு, உடம்புல தண்ணி இல்ல, வாழைப்பழம் சாப்பிடு, நரம்பு சுருண்டுக்கிச்சு எண்ணெய் போட்டு உருவு. இந்த கேஸ்ல அந்தப் பதில் பாதிதான் ஒட்டும், மீதிப் பாதில இடிக்கும். இடிக்கிற இடத்துலதான் விஷயமே இருக்கு.

முதல்ல கேஸ் ஹிஸ்டரி. பேஷன்ட் வயசு 35, முழுநேர விளையாட்டு வீரர். 2022 நவம்பர்ல ஒரு பர்த்டே பார்ட்டில இடது கால் எலும்பு உடைஞ்சு பிளேட் வெச்சு ஆபரேஷன் ஆனவர், அதுக்கப்புறம் மாசக்கணக்குல கிரிக்கெட்டே ஆடல. இந்த மேட்ச்சுக்கு முன்னாடி கடைசியா ஆடினது அக்டோபர் 28, நியூசிலாந்தோட, தர்மசாலால, அதாவது மலை மேல குளிர்ல. அதுக்கப்புறம் அகமதாபாத்ல கோல்ஃப் ஆடிட்டுத் திரும்புறப்போ வண்டி பின்னாடி தொத்திட்டு வந்து கை நழுவி விழுந்து தலைல அடி, கன்கஷன்னு சொல்ற மூளை அதிர்ச்சி, அதனால நவம்பர் 4 இங்கிலாந்து மேட்ச் போச்சு. ஆக பத்து நாளா மேட்ச் ஆடாத உடம்பு, குளிர்ல ஆடிட்டு வந்த உடம்பு, நேரா மும்பை மதியம் 2 மணி வெயில்ல இறங்குது. கடல் பக்கத்து ஊர், காத்துல ஈரம், வேர்வை காயாது. உடம்பு சூட்டுக்குப் பழக ஒரு வாரத்துலேர்ந்து ரெண்டு வாரம் ஆகும், பழகினதும் சும்மா இருந்தா கொஞ்சம் கொஞ்சமா போயிடும். மேட்ச் முடிஞ்சப்புறம் அவரே சொன்னார், ஃபீல்டிங் பண்றப்போ நல்ல வெயில், இந்த மாதிரி வெயில்ல தீவிரமா உடம்பைப் போட்டு சமீபத்துல வேலை செய்யலன்னு.

அன்னைக்கு 50 ஓவர் ஃபீல்டிங், அதுல அவரே 10 ஓவர் பவுலிங். ஆஃப் ஸ்பின்தானே அதுல என்ன களைப்புன்னு கேக்கலாம், ஆனா ஒவ்வொரு பந்துக்கும் முன்கால் தரையில குத்தி பாதம் சுழலுது, 60 தடவை. அதுக்கப்புறம் பேட்டிங்க்கு வந்தது 9வது ஓவர்லயே, 49க்கு 4ன்னு இருந்தப்போ, அதுவும் அஸ்மத்துல்லா ஓமர்ஸாயோட ஹாட்ரிக் பந்தை ஃபேஸ் பண்ண. டென்ஷன் எவ்வளவு இருக்கும்னு பாத்துக்கோங்க. அதை ஏன் சொல்றேன்னு பின்னாடி வரும்.

இப்ப ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாருங்க. 201ல 21 ஃபோர், 10 சிக்ஸ், அது 144. மீதி 57 ரன் அவர் காலால ஓடினது. கிரீஸ்லேர்ந்து கிரீஸுக்கு 17.68 மீட்டர், 57 தடவைன்னா ஒரு கிலோமீட்டர். பார்ட்னர் அடிச்ச ரன்னுக்கு ஓடினது, போயிட்டுத் திரும்பினது எல்லாம் சேத்தாலும் ரொம்பப் பெருசா வராது. தூரமா பாத்தா காலைல வாக்கிங் போறவங்களுக்குக் கூட இது ஒண்ணுமில்ல. ஆனா இது நேர்கோட்டு ஓட்டம் கிடையாது, நின்ன இடத்துலேர்ந்து வெடிச்சுக் கிளம்பணும், பத்தே எட்டுல பிரேக் போடணும், சிலசமயம் திரும்பி மறுபடி கிளம்பணும், அதுவும் கால்ல பேடு கட்டிக்கிட்டு. பிரேக் போடறப்போ கெண்டைக்கால் சதையும் தொடை பின்சதையும் நீண்டுக்கிட்டே இறுகும், சதைக்கு இருக்கறதுலயே பெரிய அடி அதுதான். கணுக்காலுக்கு மேல முன்பக்கம் இருக்கற சதையும் ஒவ்வொரு காலடிக்கும் பாதத்தைத் தூக்கிப் பிடிச்சு வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும்.

அறிகுறி எந்த வரிசைல வந்துச்சுன்னு அவர் மேட்ச்சுக்கு அப்புறம் சொன்னதைக் கேட்டப்போதான் இந்த கேஸ்ல உக்காந்தேன், ஏன்னா இவ்வளவு தெளிவா பேஷன்ட் யாரும் சொல்ல மாட்டாங்க. முதல்ல கால் விரல்ல பிடிப்பு. அது முன்னங்கால் வழியா மேல ஏறுது. ஓட ஆரம்பிச்சதும் பின்பக்கம் கெண்டைக்காலும் பிடிக்குது. கெண்டைக்காலை இழுத்து நீட்டலாம்னு பாத்தா முன்பக்கம் இன்னும் இறுகும், ஆக ஒரே கால்ல முன்னாடியும் பின்னாடியும் ஒரே நேரத்துல. அதோட தொடை பின்சதை. அந்தப் பக்கம் போய்ச் சேர்றதுக்குள்ள முதுகும் பிடிச்சுக்கிச்சு. அதோட விழுந்துட்டார்.

கொறக்களின்னா என்ன நடக்குதுன்னு சுருக்கமா. சதை தானா எதுவும் பண்ணாது, தண்டுவடத்துல இருக்கற மோட்டார் நரம்பு செல் கட்டளை போட்டாத்தான் இறுகும். அந்தச் செல்லுக்கு ரெண்டு பக்கத்துலேர்ந்து தகவல் வந்துக்கிட்டே இருக்கும். சதைக்குள்ள இருக்கற ஸ்பிண்டில்னு ஒரு உணர்வி, நீட்டினா இறுகுன்னு தூண்டி விடும். சதை எலும்போட சேர்ற தசைநாண்ல கோல்ஜி உறுப்புன்னு ஒண்ணு, இழுவிசை அதிகமானா போதும் விடுன்னு அடக்கும். சதை நல்லா களைச்சுப்போனா தூண்டுற பக்கம் குரல் ஏறுது, அடக்குற பக்கம் குரல் இறங்குது. அதோட சதை ஏற்கனவே சுருங்கின நிலைல இருந்துச்சுன்னா தசைநாண்ல இழுவிசையே இல்ல, அடக்குற உறுப்பு கிட்டத்தட்ட சும்மா இருக்கு. அந்த நேரத்துல சின்னதா ஒரு கட்டளை போனாலும் நரம்பு செல் விடாம சுட்டுக்கிட்டே இருக்கும், சதை கட்டியாகி நிக்கும். ராத்திரி படுக்கையில பாதத்தை நீட்டி சோம்பல் முறிக்கிறப்போ திடீர்னு பிடிக்குதே, அது இதேதான், அங்க வேர்வையும் இல்ல வெயிலும் இல்ல. நரம்பு சுருண்டுக்கிச்சுன்னு பாட்டி சொல்றதுல நரம்பு வரைக்கும் சரி, சுருள்றது மட்டும் சதை.

சரி, அப்ப தண்ணி உப்பு கதை எங்கேர்ந்து வந்துச்சுன்னா அதுக்கும் நியாயமான பின்னணி இருக்கு, யாரோ கிளப்பிவிட்டது கிடையாது. போன நூற்றாண்டு ஆரம்பத்துல பிரிட்டன்ல ஆழமான நிலக்கரி சுரங்கத்துல வேலை பாத்தவங்க, நீராவிக் கப்பல்ல கரி அள்ளிப் போட்டவங்க, இவங்களுக்கெல்லாம் கை கால் வயிறுன்னு பிடிச்சு இழுக்கும். வேர்வையில உப்பு கொட்டுது, குடிக்கிறது வெறும் தண்ணி, அதனால ரத்தத்துல உப்பு நீர்த்துப்போகுதுன்னு 1920கள்ல மாஸ், ஹால்டேன் மாதிரி ஆளுங்க எழுதினாங்க, உப்பு கலந்த தண்ணி குடுத்ததும் குறைஞ்சுது. 1930கள்ல அமெரிக்கால ஹூவர் அணை கட்டின தொழிலாளிகள்கிட்டயும் இதையே பாத்தாங்க. கவனிக்க வேண்டியது என்னன்னா, அங்க குறைஞ்சது தண்ணி இல்ல, உப்பு. வெறும் தண்ணியை நிறைய குடிச்சவங்கதான் மாட்டினாங்க. நூறு வருஷம் முன்னாடியே தெரிஞ்ச இந்த விஷயத்தை நம்ம கிரவுண்டுல இன்னமும் தண்ணி குடிடா தண்ணி குடிடான்னு கத்தியே அழிச்சிட்டோம்.

அப்புறம் 1997ல தென்னாப்பிரிக்கால மார்ட்டின் ஷ்வெல்னஸ் குழு, டிம் நோக்ஸும் அதுல உண்டு, மேல சொன்ன நரம்புக் கட்டுப்பாடு விளக்கத்தை முன்வெச்சாங்க. அதுக்கடுத்த வருஷங்கள்ல அல்ட்ரா மாரத்தான் ஓடினவங்க, அயர்ன்மேன் டிரையத்லான் பண்ணவங்கன்னு ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. கிராம்ப் வந்தவங்களுக்கும் வராதவங்களுக்கும் நீர்ச்சத்துலயோ உப்புச்சத்துலயோ சொல்லிக்கிற அளவு வித்தியாசம் இல்ல. வித்தியாசம் எதுலன்னா, முன்னாடியே கிராம்ப் வந்த ஹிஸ்டரி இருக்கறவங்க, தங்களோட சக்திக்கு மீறின வேகத்துல போனவங்க, இவங்களுக்குத்தான் வந்துச்சு. யோசிச்சா லாஜிக்கே இடிக்கும், உப்பு ரத்தத்துல குறைஞ்சா உடம்பு முழுக்கத்தானே பிடிக்கணும், ஏன் ஓடுறவனுக்குக் கெண்டைக்கால்லயும் பந்து போடுறவனுக்குப் போடுற கையிலயும் பிடிக்குது? வேலை செஞ்ச சதைதான் பிடிக்குது. இன்னொண்ணு, சதையைப் பிடிச்சு நீட்டினா உடனே விடுது, நீட்டினதுல உப்பு ஒண்ணும் உள்ள போகலையே.

டென்ஷனைப் பத்தி பின்னாடி சொல்றேன்னேன்ல, அதே 2023 ஜூன்ல பிரெஞ்ச் ஓப்பன் அரையிறுதி, ஜோகோவிச்சோட ஆடின கார்லோஸ் அல்காரஸ். அப்ப அவருக்கு 20 வயசு, உலகத்துலயே நல்ல ஃபிட்னஸ். ரெண்டு செட் முடிஞ்சு மூணாவது செட் ஆரம்பத்துலயே உடம்பு முழுக்கப் பிடிச்சு நிக்க முடியல. அவரே சொன்ன காரணம் டென்ஷன், மேட்ச்சோட பரபரப்பு. வெயிலை அவர் சாக்கு சொல்லல. பதட்டத்துல சதைகள் எல்லாம் தேவையில்லாம பாதி இறுகியே இருக்கும், அதுவும் களைப்புக் கணக்குலதான் சேரும், நரம்பு செல்லும் ஏற்கனவே விளிம்புல நிக்கும்.

இதை வெச்சு உப்புக்கும் கிராம்ப்புக்கும் சம்பந்தமே இல்லன்னு நெட்ல ஒரு கோஷ்டி கிளம்பிடுச்சு, அதுவும் எனக்கு ஒப்பல. 2019ல பெர்த்ல எடித் கோவன் யூனிவர்சிட்டில ஒரு சோதனை பண்ணாங்க. பத்து ஆண்கள், சூடான ரூம்ல சரிவுல ஓட விட்டு உடம்பு எடைல ரெண்டு சதவீதம் வேர்வையாப் போனப்புறம் ஒரு தடவை வெறும் தண்ணி, இன்னொரு தடவை ஓஆர்எஸ் மாதிரி உப்பு சர்க்கரை கலந்த நீர் குடுத்து, கெண்டைக்கால்ல மின்சாரத் தூண்டுதல் வெச்சு எவ்வளவு தூண்டினா கிராம்ப் வருதுன்னு அளந்தாங்க. வெறும் தண்ணி குடிச்சப்புறம் இன்னும் கம்மியான தூண்டுதல்லயே கிராம்ப் வந்துச்சு, அதாவது மோசமாச்சு. உப்பு நீர் குடிச்சப்போ தாக்குப்பிடிச்சுது. சுரங்கத் தொழிலாளி கதையே லேப்ல திரும்பி வந்த மாதிரிதான். சின்ன சோதனைதான், ஆனா நான் தினமும் பாக்குறதோட பொருந்துது. என்னோட கணிப்பு, களைச்ச சதையும் குழம்பின நரம்பும்தான் வெடிமருந்து, சூடும் உப்பு இழப்பும் பதட்டமும் அதைக் காய வைக்கிற விஷயங்கள். மேக்ஸ்வெல் கேஸ்ல எல்லாமே ஒண்ணா சேர்ந்துச்சு.

மைதானத்துல எடுத்த முடிவு

சாதாரண கேஸா இருந்தா என்ன பண்ணுவோம்? கெண்டைக்கால் பிடிச்ச பையன் படுத்திருக்கான்னு வைங்க. முதல்ல முட்டியை மெதுவா நேராக்கணும், நிறைய பேர் அதை விட்டுட்டு மடங்கின முட்டியோடயே பாதத்தைத் தள்ளுவாங்க, மேல்சதை நீளவே நீளாது. என் உள்ளங்கைல அவன் குதிகாலை வாங்கிட்டு, முன்கையை அவன் உள்ளங்கால் மேல படுக்க வெச்சு, என் உடம்பு எடையை சாய்ச்சு மெதுவா பாதத்தை அவன் முகத்துப் பக்கம் தள்ளுவேன். வெடுக்குன்னு தள்ளக்கூடாது, வெடுக்குன்னா ஸ்பிண்டில் இன்னும் கத்தும், சதை கிழிஞ்சாலும் கிழியும். இன்னொரு கை கட்டை விரல் கட்டி மேலயே இருக்கும், அமுக்கறதுக்கு இல்ல, அது இளகுதான்னு தெரிஞ்சுக்க. இருபது முப்பது வினாடில கட்டி கரையறது விரலுக்குத் தெரியும். நீயே விரலை மேல இழுடான்னு அவனையும் இழுக்கச் சொல்வேன், முன்பக்க சதை வேலை செஞ்சா தண்டுவடம் பின்பக்க சதைக்குப் போற கட்டளையை அடக்கும். வலி போனதும் பையன் டக்குனு எந்திரிப்பான், அங்கதான் தப்பு. சதை விட்டப்புறமும் கொஞ்ச நேரம் தோலுக்கு அடியில எலிக்குஞ்சு நெளியற மாதிரி அங்கங்க துடிக்கும் பாருங்க, அந்தத் துடிப்பு இருக்கற வரைக்கும் அந்த நரம்பு இன்னும் அடங்கலன்னு அர்த்தம், மறுபடி காலை ஊனி உந்தினா நிச்சயம் பிடிக்கும். துடிப்பு நிக்கற வரைக்கும் நீட்டினபடியே வெச்சிருக்கணும்.

இப்ப மேக்ஸ்வெல்லுக்கு இதைப் பண்ண முடியுமா? கெண்டைக்காலை நீட்டணும்னா பாதம் மேல மடங்கணும், மடங்கினா முன்னங்கால் சதை சுருங்கின நிலைக்குப் போகுது, அது ஏற்கனவே பிடிச்சிருக்கற சதை, இன்னும் கட்டியாகும். அதை நீட்டலாம்னு பாதத்தைக் கீழ தள்ளினா கெண்டைக்கால் சுருங்குது. புத்தகத்துல இருக்கற வைத்தியம் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்குது. அதோட தொடை பின்சதையும் முதுகும். படுக்க வெச்சு ஒவ்வொண்ணா உருவி எடுக்கலாம், நேரம் பிடிக்கும், அம்பயர் அவ்வளவு நேரம் விடமாட்டார், அப்படியே விட்டாலும் படுத்த ஆள் எந்திரிக்கணுமே, எந்திரிக்கறப்போ முட்டி மடங்கி தொடை பின்சதை சுருங்கின நிலைல முழு பலத்தோட இறுகணும். அது மறுபடி பிடிக்கறதுக்கு வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கிற வேலை.

ரன்னர், அதாவது பேட்ஸ்மேனுக்குப் பதிலா ஓடுற ஆள், வாங்கலாமேன்னா அதுவும் இல்ல. 2011 அக்டோபர்லேர்ந்து ஐசிசி சர்வதேச மேட்ச்ல ரன்னரையே எடுத்துட்டாங்க. பழைய காலமா இருந்தா கதையே வேற, 1997ல நம்ம சேப்பாக்கத்துல சயீத் அன்வர் 194 அடிச்சப்போ வெயில்ல கால் பிடிச்சு இன்னிங்ஸ்ல பெரிய பங்கு ஷாஹித் அஃப்ரிடியை ரன்னரா வெச்சுத்தான் ஆடினார். அதே சேப்பாக்கத்துல 1986 டை டெஸ்ட்ல டீன் ஜோன்ஸ் 210 அடிச்சது இன்னும் கொடுமை, வாந்தி, உடம்பு முழுக்கப் பிடிப்பு, கடைசில ஆஸ்பத்திரில சலைன் ஏத்தினாங்க. சென்னை செப்டம்பர்னா சும்மாவா. ஆனா அந்த கேஸையும் இதையும் ஒண்ணா போடக்கூடாது, டீன் ஜோன்ஸோடது வெறும் கிராம்ப் இல்ல, சூடு தாங்காம உடம்பே விழுந்த கேஸ், இன்னைக்கு அப்படி ஒருத்தனைப் பாத்தா ஒரு ஓவர் கூட நிக்க விடமாட்டேன்.

மேக்ஸ்வெல் வெளிய போயிடலாம்னுதான் நெனச்சிருக்கார். நிக் ஜோன்ஸ் சொன்னது, படுக்காத, நின்னுக்கிட்டே இரு, ஓடாத, அதே எண்ட்லயே இரு, வெளிய போனா படி ஏறி இறங்கி மறுபடி வர்றது இதைவிடக் கஷ்டம். இதுல இருக்கற அறிவைப் பாருங்க. நிக்கறப்போ கணுக்கால் நடு நிலைல இருக்கு, முன்சதையும் சுருங்கல, பின்சதையும் சுருங்கல. உடம்பு எடை காலை லேசா நீட்டி வெச்சிருக்கு, தசைநாண்ல இழுவிசை இருக்கு, அடக்குற உறுப்புக்கு வேலை இருக்கு. ஓட்டத்தை நிறுத்திட்டா வெடிச்சுக் கிளம்பறதும் இல்ல பிரேக் போடறதும் இல்ல. சதைக்கு எதையும் புதுசா குடுக்கல, அதைத் தூண்டுற விஷயத்தை எடுத்துட்டாங்க, அவ்வளவுதான். வைத்தியம்னா எதையாவது குடுக்கணும்னு நெனக்கிறவங்களுக்கு இது வைத்தியமாவே தெரியாது.

மீதியைப் பேட் பாத்துக்கிச்சு. கால் நகராம நின்ன இடத்துலேர்ந்தே கை, தோள், இடுப்பு மட்டும் வெச்சு அடிச்சார். கோச் பாத்தா ஃபுட்வொர்க் எங்கடான்னு கேப்பாங்க, அன்னைக்கு அதான் மருந்து. எதிர் எண்ட்ல கேப்டன் பேட் கம்மின்ஸ் 68 பந்துல 12 நாட் அவுட்னு நின்னதுல வேகமா ஓட வேண்டிய தேவையே இல்லாம பாத்துக்கிட்டார், அவங்க ரெண்டு பேரும் சேத்த 202ல கம்மின்ஸோடது அந்த 12 மட்டும்தான். முஜீப் போட்ட 47வது ஓவர்ல 6, 6, 4, 6, மேட்ச் முடிஞ்சுது, 19 பந்து மிச்சம்.

ஊறுகாய்த் தண்ணி, வாழைப்பழம், மாத்திரை

இந்த மேட்ச்சுக்கு அப்புறம் எங்க பசங்க எல்லாரும் பிக்கிள் ஜூஸ் பத்திக் கேக்க ஆரம்பிச்சிட்டாங்க. 2010ல அமெரிக்கால கெவின் மில்லர்னு ஒருத்தர், வேர்வை போன ஆட்களுக்கு கால் கட்டை விரல் சதைல மின்சாரம் வெச்சு கிராம்ப் வரவெச்சு, வெள்ளரி ஊறுகாய் ஊறின நீரைக் கொஞ்சம் குடிக்கக் குடுத்தார். வெறும் தண்ணி குடிச்சதைவிட சுமார் 50 வினாடி சீக்கிரம் விட்டுச்சு. சுவாரசியம் என்னன்னா, அந்த நேரத்துக்குள்ள ரத்தத்துல உப்பு அளவு மாறவே இல்ல, வயித்தைத் தாண்டியே போயிருக்காது. அப்ப உப்பு வேலை செய்யல, அந்தப் புளிப்பும் காட்டமும் தொண்டைல பட்டு நரம்பு வழியா தண்டுவடத்தை அடக்குதுன்னு விளக்கம். நோபல் வாங்கின ராட் மெக்கின்னன் கடல்ல கயாக் ஓட்டறப்போ கை பிடிச்சுப்போய் பயந்து, அப்புறம் இஞ்சி, மிளகாய், பட்டை போட்ட ஒரு பானமே இதே ஐடியால கொண்டு வந்தார். நம்ம வீட்டு எண்ணெய் ஊறுகாயைக் குடிச்சுட்டு வந்து என்கிட்ட வயிறு எரியுதுன்னு சொல்லாதீங்க, சோதனை பண்ணது வினிகரும் உப்பும் இருக்கற நீர். பிடிச்சதை சீக்கிரம் விடவைக்கத்தான் அது, வராம தடுக்க இல்ல.

வாழைப்பழம் பாவம், நல்ல பழம், தப்பான வேலைக்கு அனுப்பறோம். ஒரு லிட்டர் வேர்வைல போற பொட்டாசியம் சுமார் 200 மில்லிகிராம், ஒரு பழத்துலயே அதைவிட ஜாஸ்தி இருக்கு. ஆனா போறது முக்கியமா சோடியம், ஆளைப் பொறுத்து லிட்டருக்கு ஒரு கிராம் உப்புலேர்ந்து நாலு கிராம் தாண்டி வரைக்கும். வாழைப்பழத்துல சோடியம் கிட்டத்தட்ட இல்லவே இல்ல, இருக்கற பொட்டாசியமும் ரத்தத்துக்கு வர அரை மணிக்கு மேல ஆகும், அதுக்குள்ள ஓவர் முடிஞ்சு அடுத்த பேட்ஸ்மேன் வந்துடுவான். ஜெர்ஸி காஞ்சதும் முதுகுல வெள்ளைவெள்ளையா உப்புப் படியுதா பாருங்க, அப்படிப்பட்ட பசங்களுக்கு நான் இடைவேளைல உப்பு நல்லா போட்ட மோரோ ஓஆர்எஸ்ஸோ குடுப்பேன். மெடிக்கல்ல விக்கிற உலக சுகாதார நிறுவன ஃபார்முலா பாக்கெட்டுல ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் சோடியம் குளோரைடு இருக்கு, அதே டப்பா மாதிரி கலர்ல விக்கிற ஜூஸ் வேற, லேபிள் பாத்து வாங்குங்க. வெறும் தண்ணியை லிட்டர் லிட்டரா ஊத்தறது ஆபத்தும் கூட, 2002 பாஸ்டன் மாரத்தான்ல சோதிச்ச ஓட்டக்காரங்கள்ல 13 சதவீதம் பேருக்கு ரத்தத்துல சோடியம் குறைஞ்சிருந்துச்சு. பிபி, கிட்னி, ஹார்ட் பிரச்சினை இருக்கறவங்க இந்த உப்புப் பேச்சை எல்லாம் டாக்டர்கிட்ட கேக்காம எடுத்துக்காதீங்க.

மெக்னீசியம் மாத்திரை இப்ப ஃபேஷன். வயசானவங்களுக்கு ராத்திரி வர்ற பிடிப்புக்கு அது பெருசா உதவலன்னு காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2012லயும் சொல்லிச்சு 2020லயும் சொல்லிச்சு. மலேரியா மருந்தான குயினைன் இதுக்குக் கொஞ்சம் வேலை செய்யும், ஆனா ரத்தத் தட்டணு விழறது, இதயத் துடிப்பு தடுமாறறதுன்னு உயிருக்கே வரும், அதனால அமெரிக்கால 1990கள்லயே கால் பிடிப்புக்கு கடைல சும்மா விக்கிறதைத் தடை பண்ணிட்டாங்க.

வீட்ல அம்மா அப்பாவுக்கு ராத்திரி கெண்டைக்கால் பிடிக்குதுன்னா, படுக்கறதுக்கு முன்னாடி சுவர்ல கை ஊனி ஒரு காலைப் பின்னாடி வெச்சு குதிகால் தரையை விட்டு எழும்பாம சாயச் சொல்லுங்க, கெண்டைக்காலுக்கும் தொடை பின்சதைக்கும் தினமும். நெதர்லாந்துல 55 வயசு தாண்டினவங்களை ஆறு வாரம் இப்படிப் பண்ண வெச்சு 2012ல வெளியான ஆய்வுல பிடிப்பு வர்ற எண்ணிக்கை குறைஞ்சுது. காசு இல்லாத வைத்தியம்கறதால யாரும் மதிக்கறதில்ல. பிடிச்ச நேரத்துல முடிஞ்சா எந்திரிச்சு நின்னுடுங்க, மேக்ஸ்வெல் நின்ன அதே காரணம்தான். சாப்பிடற மாத்திரை லிஸ்டையும் பாக்கணும், மூத்திரம் போக வைக்கிற பிபி மாத்திரை, கொலஸ்ட்ரால் மாத்திரை, ஆஸ்துமாவுக்கு சால்ப்யூட்டமால் இதெல்லாம் பிடிப்பைக் கிளப்பும், ஆனா நீங்களா நிறுத்தாதீங்க. கொஞ்ச தூரம் நடந்தா கெண்டைக்கால் வலிச்சு நின்னா சரியாப் போகுதுன்னா அது கொறக்களி இல்ல, ரத்தக்குழாய் அடைப்பா இருக்கலாம். ஒரே கால் வீங்கி சூடா வலிச்சுக்கிட்டே இருந்தா ரத்தம் உறைஞ்சிருக்கலாம். வெயில்ல வேலை செஞ்சோ ஓவரா ஜிம் போட்டோ சதை எல்லாம் வலிச்சு மூத்திரம் கோலா கலர்ல போனா அன்னைக்கே ஆஸ்பத்திரி, கிட்னி விஷயம் அது. வெயில்ல பிடிப்போட ஆள் உளற ஆரம்பிச்சா முதல்ல உடம்பைக் குளிர வைங்க, மத்தது அப்புறம்.

திரும்ப கேஸுக்கு. கடுமையா பிடிச்ச சதை சும்மா விடாது, உள்ள நுணுக்கமா அடிபட்டிருக்கும், ரெண்டு மூணு நாள் தொட்டாலே வலிக்கும், நடை கூட கோணலா இருக்கும். நவம்பர் 11 புனேல பங்களாதேஷோட அடுத்த மேட்ச், மேக்ஸ்வெல்லை உக்கார வெச்சிட்டாங்க, அரையிறுதிக்கு ஏற்கனவே டிக்கெட் வாங்கியாச்சு, அவசரப்பட வேண்டிய அவசியமும் இல்ல. 16ஆம் தேதி கொல்கத்தால தென்னாப்பிரிக்காவோட இறங்கினார், ஷம்ஸி பந்துல ஒரு ரன்னுக்கு போல்டு, அதுக்கும் காலுக்கும் சம்பந்தமில்ல, மோசமான ஷாட். 19ஆம் தேதி அகமதாபாத் ஃபைனல்ல டிராவிஸ் ஹெட் அவுட்டானதும் உள்ள வந்து முதல் பந்தையே தட்டிவிட்டு ரெண்டு ரன், கோப்பை. அந்த ரெண்டையும் ஓடித்தான் எடுத்தார்.